நடுவர் மேடைக்கு எத்தனை படிகள்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கோவை மாவட்டத்தில் கைப்பந்து ஆடாத கிராமம் மிகக் குறைவு. இரண்டு கம்பங்கள், ஒரு வலை, ஒரு பந்து, கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும். அறுவடை முடிந்த காடும் ஆகும், பள்ளிக்கூடத்து மைதானமும் ஆகும். பொங்கலை ஒட்டியும், மாரியம்மன் நோன்பி முடிந்த கையோடும் அன்னூர், அவிநாசி, பல்லடம், சூலூர் வட்டாரங்களில் இரவு விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் போட்டிகளை நம் கல்லூரி நண்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். சிலர் ஆடியும் இருப்பீர்கள்.

ஆடுகிறவர்களைப் பற்றி எழுத நம்மிடையே பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது வலையின் ஓரத்தில், மேடைமேல் தனியாக நிற்கும் ஒரு மனிதரைப் பற்றி. அவரை ஊரில் ‘அம்பயர்’ என்கிறோம். நூல்வழக்கில் அவர் நடுவர். அவர் சரியாகத் தீர்ப்புச் சொல்லும்வரை யாரும் அவரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பிழை செய்ததாக ஒருவன் நினைத்துவிட்டால் ஊரே பார்க்கும். அந்த மேடையில் அவர் எப்படி ஏறினார், யார் ஏற்றினார்கள், அதற்குமேல் ஏற இன்னும் எத்தனை படிகள் உண்டு என்பதைக் கடந்த இரண்டு ஆண்டுகளாகக் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டு வருகிறேன்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. கைப்பந்து பிறந்தது 1895ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக் நகரில். கண்டுபிடித்தவர் வில்லியம் மார்கன் என்ற ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி ஆசிரியர். கூடைப்பந்து ஆட மூச்சு வாங்கும் நடுவயதுக்காரர்களுக்காக அவர் இதை அமைத்தாராம்! அதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கம்தான் இதை இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்றவர்கள் பள்ளி பள்ளியாக இதைக் கொண்டுசென்றார்கள். நம் பக்கத்தில் பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயத்து மாருதி உடற்கல்விக் கல்லூரிக்கும் இதில் பங்கு உண்டு. உலகக் கைப்பந்துச் சம்மேளனம் 1947இல் பாரிசில் அமைந்தது. இந்தியச் சம்மேளனம் 1951இல் அமைந்தது. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் ஆட்டங்களிலும் கைப்பந்து இடம்பெற்றது. பழங்கதை இவ்வளவு போதும்.

ஒரு முறையான ஆட்டத்தை ஒரே ஒரு நடுவர் நடத்துவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேடைமேல் நிற்பவர் முதல் நடுவர். எதிர்ப்பக்கம், கம்பத்தின் அருகே தரையில் நிற்பவர் இரண்டாம் நடுவர். அவருக்குப் பின்னால் மேசையில் ஸ்கோரர் என்று நாம் சொல்லும் குறிப்பாளரும் அவருடைய உதவியாளரும் இருப்பார்கள். மூலைகளில் கொடி பிடித்தபடி இருவரோ நால்வரோ கோட்டு நடுவர்கள். ஆக ஆறு பேராவது சேர்ந்துதான் ஓர் ஆட்டம் நடக்கிறது. இதை முதலில் சொல்லக் காரணம், நடுவராக விரும்புகிறவன் மேடையில் தொடங்குவதில்லை. கொடியிலும் மேசையிலும்தான் தொடங்குகிறான்.

குறிப்பாளர் வேலையை எளிது என்று நினைக்கக் கூடாது. குறிப்புத்தாளை முதன்முதல் பார்த்தபோது எனக்கு மடக்கை அட்டவணை நினைவுக்கு வந்தது. ஆறு பேரின் சுழற்சி வரிசை, ஒவ்வொருவரும் சர்வீஸ் போட்ட முறை, அப்போது அணி பெற்றிருந்த புள்ளி, ஒரு செட்டுக்கு ஆறு வரை அனுமதிக்கப்படும் ஆட்டக்காரர் மாற்றங்கள், 30 விநாடி வீதம் இரண்டு ஓய்வு நேரங்கள், எச்சரிக்கைகள், தண்டனைகள் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களில் விழ வேண்டும். யார் சர்வீஸ் போட வேண்டும் என்பதில் சண்டை வந்தால் இரண்டு நடுவர்களும் திரும்பிப் பார்ப்பது குறிப்பாளரின் தாளைத்தான். நம் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் முதலாண்டிலேயே என்னை மேசையில் உட்கார்த்தி வைத்தார். “தாளை ஒழுங்காக எழுதத் தெரிந்தவனுக்கு விதி பாதி தெரிந்துவிட்டது” என்பார். அது முற்றிலும் உண்மை. சுழற்சி வரிசை எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. தாளில்தான் புரிந்தது.

அடுத்தது கொடி. நாற்பது சென்டிமீட்டர் சதுரக் கொடி. பந்து உள்ளே விழுந்தால் கொடியைக் கீழே காட்ட வேண்டும். வெளியே விழுந்தால் நேராக மேலே தூக்க வேண்டும். ஆட்டக்காரர் கையில் பட்டு வெளியே போனால் கொடியை உயர்த்தி அதன் தலையில் மறு உள்ளங்கையை வைக்க வேண்டும். இவற்றோடு இன்னொரு சைகையும் உண்டு. இரண்டு கைகளையும் மார்புக்கு முன் குறுக்காக வைப்பது. ‘என்னால் பார்க்க முடியவில்லை’ என்பது அதன் பொருள். விதிப்புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த சைகை இதுதான். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்வதற்கு முறைப்படி ஒரு சைகையையே வைத்திருக்கிறார்கள்! எங்கள் ஊர்ப் போட்டிகளில் பலமுறை கோட்டில் நின்றவர்களைக் கவனித்திருக்கிறேன். அந்தச் சைகையைச் செய்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்திருப்பார்கள்.

பார்ப்பது உண்மையிலேயே கடினம். இயற்பியல் மாணவன் என்பதால் ஒரு சிறு கணக்கைச் சொல்ல அனுமதி வேண்டும். ஓங்கி அடித்த பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். வலையிலிருந்து கடைசிக் கோடு 9 மீட்டர். ஆக, அடித்த கைக்கும் விழும் கோட்டுக்கும் இடையே விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே இருக்கிறது. பந்தைக் கண்ணால் துரத்திக்கொண்டு போகிறவன் கோட்டைத் தவறவிடுவான். அனுபவமுள்ள கோட்டு நடுவர் அடி விழும் முன்பே கண்ணைக் கோட்டில் நிறுத்திவிடுகிறார். பந்து அவர் கண்ணுக்குள் வந்து விழுகிறது.

மேடையின் உயரத்திலும் ஒரு கணக்கு உண்டு. ஆடவர் வலை 2.43 மீட்டர், மகளிர் வலை 2.24 மீட்டர். முதல் நடுவரின் பார்வை வலையின் மேல்விளிம்புக்கு ஏறத்தாழ அரை மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்பது விதி. என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். என் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே எனக்கு மேடை 1 மீட்டர் 44 சென்டிமீட்டர் வேண்டும். ஆறடி மனிதருக்கு அதைவிட இருபது சென்டிமீட்டருக்கு மேல் குறைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் வேறுபாடு. ஆட்டக்காரனாக இந்த உயரத்துக்குக் கல்லூரி அணியில் இடம் கிடைப்பது அரிது. லிபரோ என்ற ஓர் இடம் 1998 முதல் உண்டு, அதற்கும் என்னைவிட வேகமானவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். நடுவருக்கோ குட்டையானவன் என்றால் பலகையை ஏற்றிப் போட்டுவிடுகிறார்கள். நான் இந்தப் பக்கம் திரும்பியதற்கு இது ஒரு காரணம். இன்னொன்றைப் பிறகு சொல்கிறேன்.

இனிப் படிகளுக்கு வருவோம்.

நம் நாட்டில் முறையான முதற்படி மாவட்டக் கைப்பந்துச் சங்கத்தைச் சார்ந்தது. சங்கம் நடத்தும் வகுப்புகளுக்குப் போய், மாவட்டப் போட்டிகளிலும் பள்ளி, கல்லூரிப் போட்டிகளிலும் கொடியும் தாளும் பிடித்துப் பழக வேண்டும். பள்ளிகளின் குறுவட்டப் போட்டிகள், வருவாய் மாவட்டப் போட்டிகள், பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கிடையேயான போட்டிகள், முதலமைச்சர் கோப்பை என்று ஆண்டு முழுவதும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். ஆட்கள் எப்போதும் பற்றாக்குறைதான். ஆர்வத்தோடு போய் நிற்கிறவனை யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

இரண்டாவது படி மாநிலச் சங்கம் நடத்தும் நடுவர் தேர்வு. எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, செய்முறைத் தேர்வு என மூன்று பகுதிகள். எழுத்துத் தேர்வில் ஆடுகளத்தின் அளவு, பந்தின் எடை என்று மனப்பாடக் கேள்விகளும் வரும். ஆடுகளம் 18 மீட்டருக்கு 9 மீட்டர். பந்து 260 முதல் 280 கிராம். இவை ஒரு மாலைப் பொழுதில் மனத்தில் நின்றுவிடும். கடினமானவை சூழ்நிலைக் கேள்விகள்தாம். சிலவற்றைச் சொல்கிறேன். விடையைப் பார்க்கும் முன் நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

நடுவர் விசில் ஊதும் முன்பே ஒருவன் சர்வீஸ் போட்டுவிட்டான். பந்து வலையில் மாட்டிக்கொண்டது. எதிரணிக்குப் புள்ளி உண்டா? இல்லை. அந்தச் சர்வீஸ் செல்லாது, திரும்பப் போட வேண்டும். விசிலுக்குப் பின் அவனுக்கு எட்டு விநாடி உண்டு.

வலைக்கு மேலே பந்தை இரு அணிக்காரர்களும் ஒரே நேரத்தில் பிடித்து அழுத்துகிறார்கள், பந்து நொடிப்பொழுது நின்றுவிடுகிறது. என்ன செய்வது? பழைய விதிப்படி இருவர் பிழை, ஆட்டம் மறுபடி. எங்கள் ஊரில் இன்றும் அப்படித்தான் ஊதுகிறார்கள். இப்போதைய விதிப்படி ஆட்டம் தொடர வேண்டும்.

லிபரோ முன்வரிசைப் பகுதியில் நின்று விரல்களால் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறார். முன்வரிசை ஆட்டக்காரர் அதை வலைக்கு மேலான உயரத்தில் அடித்து எதிரணிக்கு அனுப்புகிறார். பிழை. அதே பந்தை லிபரோ தாக்குதல் கோட்டுக்குப் பின்னால் நின்று தூக்கியிருந்தால் பிழையில்லை. முன்னங்கைகளால் எடுத்திருந்தால் எங்கே நின்றாலும் பிழையில்லை. இந்த ஒரு கேள்வியில் லிபரோ நின்ற இடம், தூக்கிய விதம், அடித்த உயரம் என்ற மூன்றையும் ஒரே கணத்தில் பார்த்திருக்க வேண்டும்.

பந்து மைதானத்தின் மேலே நீண்டிருக்கும் வேப்பமரக் கிளையில் பட்டு உள்ளே விழுகிறது. கிராமத்தில் இதற்கு ‘மறுபடி’ என்பார்கள். புத்தகத்தில் மரம் என்ற சொல்லே இல்லை. ஆனால் களத்துக்கு வெளியேயுள்ள பொருளிலோ மேற்கூரையிலோ பட்டால் பந்து ‘அவுட்’. வேப்பமரத்துக்கும் அதுதான் சட்டம்.

செய்முறைத் தேர்வில் ஓர் உண்மையான ஆட்டத்தை நடத்திக் காட்ட வேண்டும். மூத்த நடுவர்கள் ஓரமாக அமர்ந்து பார்ப்பார்கள். ஆட்டத்துக்கு முன் வலையை அளப்பதிலிருந்து பரீட்சை தொடங்குகிறது. நடுவில் உயரம் சரியாக இருக்க வேண்டும். இரு பக்கக் கோடுகளின் மேலும் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும். அது நடுவுயரத்தைவிட இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கூடக் கூடாது. பிறகு தலைவர்களை அழைத்து நாணயம் சுண்டுவது, விசிலின் உறுதி, கையசைவின் வரிசை எல்லாம் பார்க்கப்படும். முதல் நடுவர் விசில் ஊதியதும் அடுத்து சர்வீஸ் போடும் பக்கத்தைக் காட்ட வேண்டும், பிறகு பிழை இன்னதென்று காட்ட வேண்டும், தேவையானால் பிழை செய்தவரைக் காட்ட வேண்டும். வரிசை மாறினால் மதிப்பெண் குறையும். எங்கள் வீட்டு நிலைக்கண்ணாடி முன் நின்று இதைப் பழகுகிறேன். தங்கை பார்த்துவிட்டு, யாருக்கோ நாட்டியப் பயிற்சி நடக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

இதில் தேறினால் மாநில நடுவர். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் தவறு. சான்றிதழ் என்பது அழைக்கப்படுவதற்கான தகுதி மட்டுமே. அழைத்தால்தான் ஆட்டம், ஆட்டம் நடத்தினால்தான் பெயர், பெயர் இருந்தால்தான் அடுத்த படி. மாநிலப் போட்டிகளில் சில ஆண்டுகள் பணியாற்றியவர்களை மாநிலச் சங்கம் பரிந்துரைக்க, இந்தியச் சம்மேளனத்தின் சார்பில் நடக்கும் தேசிய நடுவர் தேர்வை அவர்கள் எழுதலாம். அங்கும் எழுத்து, வாய்மொழி, செய்முறை என்ற மூன்றுதான். ஆனால் கேள்வியின் கூர்மை வேறு, சுற்றி நிற்பவர்கள் நாடெங்கிலுமிருந்து வந்தவர்கள்.

அமெரிக்காவில் இந்தப் படிகளுக்குத் தற்காலிக நடுவர், வட்டார நடுவர், இளையோர் தேசிய நடுவர், தேசிய நடுவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கு எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. மதிப்பிடுவதற்கென்றே பழுத்த நடுவர்கள் போட்டிகளுக்கு வருகிறார்கள். கையில் குறிப்பேட்டுடன் ஓர் ஆட்டம் முழுவதும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் அந்த நடுவரைத் தனியே அழைத்து, ‘இந்த இடத்தில் உங்கள் கண் பந்தோடு போய்விட்டது, வலையில் கை பட்டதை விட்டுவிட்டீர்கள்’ என்பது போல ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். ஒரே ஆளின் கருத்தை வைத்து யாரையும் உயர்த்துவதுமில்லை, தள்ளுவதுமில்லை. பல ஆட்டங்களில் பலர் பார்க்கிறார்கள். மேலும் அங்கே ஒருமுறை பெற்ற தரம் வாழ்நாள் சொத்து அல்ல. ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பித்து விதித் தேர்வையும் எழுத வேண்டும். நம் மாவட்ட அளவிலும் மூத்தவர்கள் அன்போடு திருத்துகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அது அவரவர் நல்ல மனத்தைப் பொறுத்ததாக இருக்கிறது. எழுதிக் கையில் கொடுக்கும் வழக்கம் வந்தால் என் போன்றவர்களுக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும்.

தேசிய நடுவருக்கு மேலே சர்வதேசப் படி. நாட்டின் சம்மேளனம் பெயர் கொடுத்தால்தான் உலகச் சம்மேளனத்தின் சர்வதேச நடுவர் வகுப்பில் சேர முடியும். அதில் தேறியவர் உடனே சர்வதேச நடுவராகிவிடுவதில்லை. ‘சர்வதேச நடுவர் வேட்பாளர்’ என்ற நிலையில் சில சர்வதேச ஆட்டங்களை நடத்தி, நல்ல மதிப்பீடு பெற்ற பிறகே முழு நடுவர் ஆகிறார். வயது வரம்பு உண்டு, மருத்துவச் சோதனை உண்டு. பெரிய போட்டிகளில் ஆட்டத்துக்கு முன் நடுவர் மது அருந்தியிருக்கிறாரா என்று ஊதிப் பார்க்கும் சோதனைகூட உண்டு! எங்கள் பக்கத்து இரவுப் போட்டிகளுக்கு அந்தக் கருவி ஒன்று வாங்கினால் நல்லது.

இவை எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்துவது ஆங்கிலம். சர்வதேச வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது, ஆட்டத்தில் அணித் தலைவருக்கு விளக்கம் சொல்வதும் ஆங்கிலத்தில்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன் நான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். முதலாண்டில் ஆங்கிலப் பாடத்தைப் படிப்பதற்கே அகராதியோடு உட்கார வேண்டியிருந்தது. ஆனால் விதிப்புத்தகத்தின் ஆங்கிலம் வேறு வகை. அதில் அலங்காரம் இல்லை, சொன்ன சொல்லையே திரும்பச் சொல்லும், ஒரு வாக்கியத்துக்கு ஒரு பொருள்தான். நாள்தோறும் இரண்டு விதிகளை எடுத்து, ஒரு பக்கத்தில் ஆங்கிலமும் எதிர்ப்பக்கத்தில் தமிழுமாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறேன். கைப்பந்து விதி கற்கப் போய்க் கொஞ்சம் ஆங்கிலமும் கற்றுக்கொண்டேன் என்றால் ஆங்கிலத் துறை ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

விதிகள் அப்படியே நிற்பதும் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகச் சம்மேளனம் புதிய பதிப்பை வெளியிடுகிறது. இப்போது நடப்பில் உள்ளது 2025–2028 பதிப்பு. நம் தந்தையர் காலத்தில் சர்வீஸ் போட்ட அணிக்கு மட்டுமே புள்ளி, 15 புள்ளிக்கு ஒரு செட். 1998இல் முடிவாகி, பிறகு எங்கும் நடைமுறைக்கு வந்த முறைப்படி ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி, 25 புள்ளிக்கு ஒரு செட், ஐந்தாவது செட் மட்டும் 15. இந்தப் புதிய பதிப்பில், சர்வீஸ் போடும் அணியினர் பந்து அடிக்கப்படும் நேரத்தில் தங்கள் களத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். பாதம் பார்த்து நிலைப்பிழை பிடிக்கப் பல ஆண்டு பழகிய மூத்த நடுவர்கள் அந்தப் பழக்கத்தில் பாதியை மறக்க வேண்டியதாயிற்று. 2022இல் தொடங்கிய பிரைம் வாலிபால் லீகில் செட்டுக்கு 15 புள்ளி, சூப்பர் பாயிண்ட் என்று தனி விதிகள். 2024இல் அதன் ஆட்டங்கள் சென்னையில் நடந்தன. ஆக, ஒரே நடுவர் இரண்டு சட்டங்களைத் தலையில் வைத்திருக்க வேண்டிய காலம் இது.

இன்னொரு கசப்பான செய்தியையும் சொல்லாமல் விட முடியாது. நடுவரின் மேற்படிகள் அவர் கையில் மட்டும் இல்லை. இந்தியச் சம்மேளனத்துக்குள் நடந்த பூசலால் 2016இல் உலகச் சம்மேளனம் அதை இடைநீக்கம் செய்தது, 2018இல்தான் தடை நீங்கியது. மறுபடியும் சிக்கல் எழுந்து, 2023இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் ஒரு தற்காலிகக் குழுவை அமைக்க வேண்டி வந்தது. தலைமையில் இருப்பவர்கள் நாற்காலிக்காக வழக்காடும் ஆண்டுகளில், பெயர் கொடுக்க வேண்டிய இடம் கலங்கிப் போனால், வயது வரம்பை நெருங்கிக்கொண்டிருக்கும் ஒரு நல்ல நடுவர் என்ன செய்வார்? மற்றவர் பிழைக்குச் சிவப்பு அட்டை காட்டுகிறவருக்குத் தன் சங்கத்தாரை நோக்கிக் காட்ட எந்த அட்டையும் இல்லை.

ஊதியத்தைப் பற்றியும் கேட்பீர்கள். எங்கள் அப்பாவும் அதைத்தான் முதலில் கேட்டார். விசைத்தறியில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர், நான் கொடியைத் தைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, “ஏங்கண்ணு, இதுக்குச் சம்பளம் ஏதாச்சும் உண்டா?” என்றார். இல்லை. பேருந்துக் கட்டணம், சாப்பாடு, ஆட்டப்படி என்று கொஞ்சம் கிடைக்கும். நடுவர் தொழிலை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. நான் பார்த்த நடுவர்களில் பெரும்பாலோர் உடற்கல்வி ஆசிரியர்கள். மற்றவர்கள் காவல்துறை, வங்கி, ஆலை என்று எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு விடுமுறை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள். இதை அப்பாவிடம் மறைக்கவில்லை. சிறிது நேரம் தறிச் சத்தம் இன்னும் காதில் இருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். “செரி, படிப்பு கெடாமப் பாத்துக்க சாமி” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

பிறகு எதற்கு இவ்வளவு பாடு என்றால், முன்பு சொல்லாமல் விட்ட இரண்டாவது காரணத்துக்கு வர வேண்டும்.

நம் கொங்கு நாட்டில் இரண்டு ஊர்க்காரர்கள் பத்து நிமிடம் பேசினால் எப்படியாவது ஓர் உறவு முறை வந்துவிடும். மாமன், மச்சான், பங்காளி, அதுவும் இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டுப் பக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் கைப்பந்துக் கோட்டில் அது வந்து நிற்கக் கூடாது. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் (பெயர் வேண்டாம்) இரண்டு ஆண்டுகளுக்கு முன் நோன்பிப் போட்டியின் இறுதி ஆட்டம். மூன்றாவது செட், 14–13. வெளியூர் அணி அடித்த பந்து கோட்டருகே விழுந்தது. கோட்டில் நின்றவர் உள்ளூர்த் தலைவரின் பங்காளி. கொடியை மேலே தூக்கினார். மேடையில் நின்றவர் அதே ஊர்க்காரர், அவருக்குச் சான்றிதழ் எதுவும் கிடையாது. பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பது எனக்கு இன்றும் தெரியாது, நான் நின்ற இடத்திலிருந்து தெரிய வாய்ப்பில்லை. ஒருவேளை அந்தப் பங்காளி சரியாகவேகூடப் பார்த்திருக்கலாம். ஆனால் வெளியூர்க்காரர்கள் யாரும் பந்தைப் பற்றிப் பேசவில்லை. அவர் யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் பேசினார்கள். ஆட்டம் அங்கேயே நின்றது. வந்தவர்கள் மோட்டார் சைக்கிள்களில் ஏறிப் போய்விட்டார்கள். கோப்பை யாருக்கும் கொடுக்கப்படாமல் பல மாதம் அவ்வூர்த் தேநீர்க்கடை அலமாரியில் இருந்தது.

மறு ஆண்டு அதே ஊரார் கோவையிலிருந்து மாநில நடுவர்கள் இருவரை அழைத்து வந்தார்கள். இறுதி ஆட்டத்தில் அப்போதும் ஒரு கடினமான பந்து வந்தது, உள்ளூருக்கு எதிராகவே விசில் ஊதப்பட்டது. கூச்சல் எழுந்தது. உள்ளூர்த் தலைவர் மேடையருகே வந்து விளக்கம் கேட்டார். நடுவர் கீழே குனிந்து, பந்து தடுத்தவர் விரலில் பட்டதாக இரண்டு சொல்லில் சொன்னார். தலைவர் திரும்பிப் போய் நின்றுகொண்டார், ஆட்டம் நடந்தது. அந்த நடுவரை இன்னார் மகன் என்று சொல்ல அந்த மைதானத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. சட்டைப்பையின் மேலிருந்த சின்னம் ஒன்றுதான் அவருக்கு அங்கே இருந்த அடையாளம். எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் எத்தனையோ வெயிலில் கொடி பிடித்ததும் அந்தச் சின்னத்துக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றியது. அன்று இரவே விதிப்புத்தகத்தைத் தேடத் தொடங்கினேன்.

பெண்களும் இதற்கு வர வேண்டும் என்பது என் கருத்து. மகளிர் ஆட்டங்கள் நம் பகுதியில் பெருகிவிட்டன, மேடைமேல் மட்டும் இன்னும் ஆண்களே அதிகம் தெரிகிறார்கள். விதியில் அதற்குத் தடை ஏதும் இல்லை. தடை இரவில் வீடு திரும்பும் பேருந்தில் இருக்கிறது. கல்லூரிப் போட்டிகள் பகலில்தானே நடக்கின்றன, அங்கே தொடங்கலாம்.

விருப்பமுள்ள நண்பர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். மாநிலத் தேர்வு அறிவிப்பு மாவட்டச் சங்கத்தின் வழியாகவே வரும், ஆகவே உடற்கல்வித் துறை அறிவிப்புப் பலகையை அடிக்கடி பார்த்து வாருங்கள். விதிப்புத்தகம் உலகச் சம்மேளனத்தாரால் இலவசமாக வெளியிடப்படுகிறது. என்னிடம் அச்சிட்ட படி ஒன்று இருக்கிறது, தமிழில் எழுதிவரும் நோட்டும் பாதிக்குமேல் முடிந்துவிட்டது. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மைதானத்தின் மேற்குப் பக்க வலையருகே நாங்கள் நான்கு பேர் கூடிக் கொடி, கைச்சைகை, குறிப்புத்தாள் மூன்றையும் பழகுகிறோம். நம் அணியின் பயிற்சி ஆட்டம் அப்போதே நடப்பதால் ஊதுவதற்கு ஆட்டமும் கிடைக்கும், திட்டுவதற்கு ஆட்களும் கிடைப்பார்கள். குறிப்புத்தாள்களை நான் படியெடுத்துக் கொண்டுவருகிறேன். பேனாவும் விசிலும் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.